ஒரு எழுத்து தட்டினா போதும்

…நானா கேட்டேன் இத? கேக்கவே இல்ல லா. நாம ஒரு எழுத்து தட்டுறோம், மீதியை இந்த லேப்டாப்பே ஊர் முன்னாடி ஒப்பிக்குது. என்ன வளர்ப்போ. உக்காருங்க சுகந்தினி. எதிர் வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு, இன்னிக்குத்தான் உள்ள வரீங்க. உங்களுக்கு சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் வேலைன்னாங்க, அதான் உங்க கேட் சத்தம் கேட்டதும் ஓடி வந்து புடிச்சேன். தேத்தண்ணி? வேணாமா, சரி.

என் மக சாந்தினிக்கு சிகாமட்ல மாப்பிள்ளை பாத்திருக்கு. ஜீவன். தங்கமான பையன்… தங்கமான பையன்னு எனக்கு இப்பத் தெரியும். போன ஞாயிறு அவங்கம்மா ஞானேஸ்வரி தேதி பேச வந்தாங்க. கேசரி ரெண்டாவது தட்டு வாங்கினாங்க, அவ்ளோ சந்தோஷம். என் பையனுக்கு ஃபேக்டரியில அவார்டு குடுத்த படத்தப் பாருங்கன்னு இந்த லேப்டாப்ப இழுத்தாங்க. தேடுற கட்டத்துல ஜேன்னு ஒரு எழுத்துதான் தட்டினாங்க.

அலமாக், கடவுளே. நான் முன்ன தேடினதெல்லாம் வரிசையா வந்து நிக்குது. ஜீவன் சிகாமட் காதலி. ஜீவன் சிகாமட் போலீஸ் கேஸ். ஜீவன் குடிப்பாரா. நான் கேசரிக் கரண்டியோட நிக்கிறேன்.

பொண்ணப் பெத்தவ விசாரிக்க மாட்டாளா? முன்னெல்லாம் எஸ்டேட் கடைக்காரர்கிட்ட கேப்பாங்க. அவரு என்ன, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்ப எந்திரிச்சு நின்னு, இந்தம்மா இதெல்லாம் கேட்டுச்சுன்னு வாசிச்சாரா?

ஞானேஸ்வரி கண்ணாடியத் தொடைச்சுட்டு மறுபடி படிச்சாங்க. அப்புறம் கிளம்பிட்டாங்க. அஞ்சு நாளா சாந்தினி என்கிட்ட பேசல. தலைவலி மாத்திரை எங்கன்னுகூட அவங்கப்பாவத்தான் கேக்கறா. நாளைக்கு மாப்பிள்ளையே வராராம், என்னன்னு கேக்க. அவரும் ஜே தட்டினாருன்னா? இந்தக் கல்யாணம் நின்னா, என் மக ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டா. பயமா இருக்கு சுகந்தினி.

அழிச்சுக் குடுங்க. என்னது, எல்லாத்தையும் ஒரே தட்டா? வேணாம் லா. அதுல என் முட்டிவலி எண்ணெய் இருக்கு, நண்டு சம்பல் இருக்கு. ஒண்ணொண்ணா அழிங்க, நான் எழுத்து சொல்றேன். ஜே… ஆங், காதலி போச்சு. போலீஸும் போச்சு. நல்ல கை உங்களுக்கு. உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரு. அவரு எப்ப வராரு இங்க? சும்மா கேட்டேன். 

இப்ப ஜி. ஞானேஸ்வரி மாமியார் குணம் எப்படி… போச்சு. அதுக்குக் கீழ இருக்கறதப் படிக்காதீங்க, அழிங்க.

இன்னும் ஒண்ணுதான். சிகாமட் ஜீவன் வீடு சொந்தமா வாடகையான்னு சும்மா போட்டேன். எஸ் தட்டுங்க.

…அதுல வந்திருக்கறது வேற சுகந்தினி. இந்த ஸ்கூடாய் ஊர்ல எத்தனை சுகந்தினி இருப்பாங்க. புருஷன் எங்கன்னு… அதெல்லாம் அதுவே எழுதிக்கும் லா, கெட்ட மிஷினு. எதிர் வீடுன்னா? எங்க, காட்டுங்க… ஓ, போட்டிருக்கு.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? மூணு வாரமா உங்க வாசல்ல கார் ஒண்ணுதான் நிக்குது, எதிர் வீட்டுக்காரின்னு ஒரு அக்கறை… சுகந்தினி. செருப்பு அந்தப் பக்கம் இருக்கு. அந்த சிகாமட்ட மட்டுமாவது அழிச்சுட்டுப் போங்க. நாளைக்கு அவரு வராரு…

எனக்குத் தேடத்தான் தெரியும், அழிக்கத் தெரியாதே.