புல் ஊறிய தண்ணீர்

காலை ஆறு நாற்பதுக்குத் துரைக்கு மாத்திரை. வெள்ளரிக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, நடுவில் கீறி, உள்ளே வைத்து ஊட்டவேண்டும். வேறு எதில் வைத்தாலும் துப்பிவிடுவான்.

டாக்டர், ஊசி மருந்தை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் இந்தச் சமையலறையில் உட்காருங்கள். பாப்பா லாயத்தில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதைக்கு எழுந்து வரமாட்டாள்.

மகள் பாப்பாவுக்கு எட்டு வயதில் வாங்கிய மட்டக்குதிரை அவன். நடையில் இருந்த மிடுக்கைப் பார்த்து அவள்தான் துரை என்று கூப்பிட்டாள். இன்று அவளுக்கு இருபத்தொன்பது. வேலை, பேருந்தில் நான்கு மணி நேரம் தள்ளி. அவள் அம்மா போன பிறகு இங்கே நானும் துரையும்தான்.

நோய் தெரிந்த அன்று நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பி, வயதானதும் அடங்காமல் சுரக்கிறது. கோடையிலும் உதிராத முடியும் ஓயாத தாகமும் அதனால்தான். தினம் ஒரு மாத்திரை. மேய்ச்சல் கூடாது. காய்ந்த புல்லைக்கூட ஒரு மணி நேரம் ஊறவைத்து, சர்க்கரை இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போடவேண்டும். இல்லாவிட்டால் குளம்புக்குள் வீங்கிவிடும். முப்பது வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவன் நான். எனக்கு ஒருமுறை சொன்னால் போதும்.

முதல் ஆறு மாதம் பாப்பா வாராவாரம் வந்தாள். வெள்ளரிக்காய் நறுக்குவதைப் பார்த்து, "என்னிக்காவது எனக்கு இப்படி ஊட்டியிருக்கீங்களாப்பா? காய்ச்சல்னா மூக்கைப் பிடிச்சு ஊத்துவீங்க" என்பாள். "நீ கடிப்பே, அவன் கடிக்கமாட்டான்" என்பேன்.

மருந்து வேலை செய்தது. முடி உதிர்ந்தது. ரத்தத்தில் ஹார்மோன் அளவு இறங்கியது. வாராவாரம் வந்தவள் மாதத்துக்கு ஒருமுறை வந்தாள். பிறகு போனில் விசாரித்தாள்.

முதல் தடவை நான் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குக் காய்ச்சல். ஐந்து நாள் மாத்திரை விட்டுப்போயிற்று, புல்லையும் அப்படியே போட்டேன். துரையின் குளம்பு சுட்டது, நொண்டினான். பாப்பா விடுப்பு எடுத்து வந்து ஒன்பது நாள் இருந்தாள். தினமும் அவள் பல் தேய்க்கும் சத்தத்தில் கண் விழித்தேன். மாத்திரை விட்டுப்போனதை யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் அவளுக்கு வெளிநாட்டில் வேலை அமைந்தது. "துரை இப்ப நல்லாத்தானே இருக்கான். அடுத்த ரத்தப் பரிசோதனையும் சரியா வந்துட்டா சம்மதம்னு எழுதிடறேன்பா" என்றாள். எழுது என்றேன். நான் தடுக்கிற தகப்பன் இல்லை.

வெள்ளரிக்காயை நான் நிறுத்தவில்லை. உள்ளே வைப்பதை மட்டும் நிறுத்தினேன்.

குளிர் தொடங்கும் மாதங்களில் ஹார்மோன் அளவு தானாகவே ஏறும் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். ஏறியது. மாத்திரையை ஒன்றரையாக்கினீர்கள், பிறகு இரண்டாக்கினீர்கள். "உங்கப்பா கடிகாரம் மாதிரிமா, அவர் மேல குறை இல்ல" என்று அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மாத்திரைகள் அந்தக் காப்பித்தூள் டப்பாவில் இருக்கின்றன. உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில். திறந்து பார்க்கலாம்.

புல்லை நீங்கள் சொன்னபடியே ஊறவைத்தேன். தண்ணீரைத்தான் கொட்டவில்லை. அவன் குடிக்கிற வாளியில் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுவான். இத்தனை பத்தியத்தில் அவன் நாக்குக்கு ருசியாகக் கிடைத்தது அது ஒன்றுதான். நான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை. நிற்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டே இருந்த நாட்களில் மரத்தூளை முழங்கால் உயரத்துக்குப் பரப்பினேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலைக்குப் பாப்பா பதில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். அவள் வருவதற்குள் வாளியைத் தேய்த்து நல்ல தண்ணீர் பிடித்து வைத்துவிடுவேன். இன்று வியாழன். நீங்கள் போன் செய்ததும் என்னிடம் சொல்லாமலே கிளம்பி வந்து, நேரே லாயத்துக்குப் போய்விட்டாள்.

"இனிமே மருந்து கேக்காதும்மா. வலியோட வச்சிருக்கிறதுல அர்த்தமில்ல" என்று அவளிடம் சொன்னீர்கள். அழுதுகொண்டே சரி என்றாள். அங்கேதான் தவறு செய்கிறீர்கள், டாக்டர். ஒரு வருடமாக அவன் வயிற்றுக்குள் மருந்தே போகவில்லை. கேட்குமா கேட்காதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்றிலிருந்து முறையாகக் கொடுத்தால் தேறக்கூடும். ஓடவேண்டாம். நன்றாக நடக்கக்கூட வேண்டாம். அவள் வந்து பார்க்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

அதனால்தான் இதைச் சொன்னேன். என் மனப்பாரத்தை இறக்குவதற்காக இல்லை. துரை போய்விட்டால் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

புது மருந்து ஒன்று வந்திருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். மற்றது நம் இருவருக்குள் இருக்கட்டும். துரைக்காகத்தான் கேட்கிறேன்.

பின்கதவு திறக்கிறது. பாப்பா நிற்கிறாள். ஒரு கையில் துரையின் வாளி. மறு கையில் ஒரு விரல் மட்டும் ஈரமாக இருக்கிறது.

"அப்பா, இந்தத் தண்ணி ஏம்ப்பா இனிக்குது?"