லேட் என்று கேட்ட காது

லேட்! லேட்!

சுபேதார் சாப் கத்துதாரு. நான் ஓடுதேன். கையில தண்ணிக் கேன். லாரி இஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு. மேல ஊய்ங்னு ஒரு சத்தம். கிட்ட வருது. மண்டையில ஒண்ணே ஒண்ணுதான். வண்டியை எடுக்கணும். லேட் ஆயிருச்சு.

டம்.

முன்னாலயா பின்னாலயான்னு தெரியல. மண்ணு மழையாட்டம் கொட்டுது. காது அடைச்சிருச்சு. இன்னும் ஓடிக்கிட்டிருக்கேன்னுதான் நெனைக்கேன். பாத்தா தரையில கெடக்கேன். ஒரு பூட்ஸ் அங்ஙன தள்ளிக் கெடக்கு. உள்ள காலும் இருக்கு. யாரு கால்னு பாக்கேன். லேஸ் கட்டியிருந்த லட்சணத்தை வச்சுத்தான் என் காலுன்னு தெரிஞ்சுது.

1999 ஜூன். கார்கில் சண்டை. திராஸ் போற ரோடு. பொழுது சாயுத நேரம். என் பேரு சாமுவேல். திருநெல்வேலிப் பக்கம். பட்டாளத்துல சரக்கு லாரி டிரைவர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஏத்திக்கிட்டுப் போறவன். வீரக்கதை வேணும்னா வேற ஆளைப் பாத்துக்கிடுங்க. நான் பயந்தவன். இன்னைக்கும் பயந்தவன்தான்.

அன்னைக்குக் காலையிலேருந்து சாப் வாயில ஒரே வார்த்தை. கான்வாய் லேட். டீசல் லேட். சாப்பாடு லேட். அவரு 'லேட்'டுன்னா நாங்க ஓடணும். இந்தியில 'லேட்'டுன்னா படுன்னு அர்த்தம். ரெண்டும் ஒரே சத்தம். எனக்குத் தெரியாம இல்ல. டிரெயினிங்ல நூறு வாட்டி கேட்டதுதான். ஆனா பீரங்கி ஷெல் வரும்போது மூளை இந்தி பேசாது.

கணேசன் காதுல சரியா விழுந்துது. அவன் என் வண்டியில கூட வந்தவன். புனே போபோடியில பொறந்து வளந்த தமிழன். வீட்டுல வேலூர்த் தமிழ், தெருவுல இந்தியும் மராத்தியும். நான் இந்தி பேசுனா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பான். "சாமு, இது இந்தியே கெடயாதுப்பா, இன்னாவோ புது பாஷை"ம்பான். அவன் ஒடனே ரோட்டோரப் பள்ளத்துல படுத்தான். சமையக்காரர் பீம்சிங் படுத்தாரு. சுபேதார் சாபும் படுத்தாரு.

ஷெல் அந்தப் பள்ளத்துலதான் விழுந்துது.

எனக்கு இதெல்லாம் அப்ப தெரியாது. ஸ்ரீநகர் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல, எங்க கான்வாய்லயே வந்த கடுவால் மலைக்காரச் சிப்பாய்தான் கேட்டான். சாப் படுக்கத்தானே சொன்னாரு, நீ மட்டும் எதுக்கு ஓடுனே? ரொம்பச் சாதாரணமாக் கேட்டான். மூணு பேரும் சொன்னதைக் கேட்டாங்க. செத்தாங்க. நான் தப்பாக் கேட்டேன். உசிரோட இருக்கேன். இதை வச்சுக்கிட்டு ஒரு மனுசன் என்ன செய்ய?

அன்னையிலேருந்து படுக்கிறது நின்னுபோச்சு. ஒறக்கம் உண்டு. படுத்து இல்ல. செவத்துல முதுகை ஒட்டி, உக்காந்தபடிக்கு. முதுகு தரையில பட்டா மேல ஊய்ங்னு கேக்கும்.

செயற்கைக் கால் போட என்னைப் புனேக்கு அனுப்புனாங்க. ஒரு மத்தியானம் வார்டு வாசல்ல டிபன் கேரியரோட ஒரு பொம்பள. கணேசன் சம்சாரம் வசந்தி. அவன் லெட்டர்ல என் பேரு இருந்திருக்கு. லெமன் சாதமும் உருளைக்கெழங்கும் கொண்டாந்திருந்தா. நான் ஒரு வாய் வச்சதும் கேட்டா. அவருக்கு என்னா ஆச்சுண்ணா? சொல்லிட்டேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். அவரு சரியாக் கேட்டாரு தாயி, நான்தான் தப்பாக் கேட்டேன்னு. கேரியரைக் குழாயில கழுவுனா. ரொம்ப நேரம் கழுவுனா. போயிட்டா. அப்புறம் வரல.

பட்டாளம் என்னை வீட்டுக்குப் போன்னுருச்சு. ஊருக்குப் போக மனசில்ல. போபோடியில ஒரு எஸ்டிடி பூத் கெடைச்சுது. கண்ணாடிக் கூண்டு, ஒரு போன், ஒரு ஸ்டூல். கணேசன் வீடு ரெண்டு சந்து தள்ளி. வசந்தி அந்தப் பக்கம் நடந்து போனா நான் தலையைக் குனிஞ்சுக்கிடுவேன். எனக்கு அவளைக் கண்டா பயம். அழுவான்னு பயமில்ல. கேப்பாளோன்னு பயம். உங்க சாமி உங்களை மட்டும் எதுக்குக் காப்பாத்துச்சுன்னு கேட்டா என்னத்தைச் சொல்ல?

நான் பொறப்புலயே கிறிஸ்தவன். பேருக்கு. கிறிஸ்மஸுக்குப் புதுச்சட்டை, ஈஸ்டருக்குக் கறிக்கொழம்பு. அவ்வளவுதான் நம்ம பக்தி. போபோடியில மாவு மில்லுக்குப் பின்னால ஒரு தமிழ் ஜெபக்கூடம் இருந்துது. பாஸ்டர் தேவசகாயம்னு ஒருத்தர் நடத்துனாரு. பகல்ல கட்கியில ஃபேக்டரி வேலை. ஆளு கட்டையா குட்டையா இருப்பாரு. தமிழ்ச் சத்தம் கேக்கலாமேன்னு போனேன். வேற காரணமில்ல.

அங்க ஒரு தொந்தரவு. சாட்சி சொல்லுங்க பிரதர், சாட்சி சொல்லுங்க பிரதர். கால் போன பட்டாளத்தான் கெடைச்சா விடுவாங்களா? யுத்தத்துல கர்த்தர் உங்களைத் தப்புவிச்சாரே, அதைச் சொல்லுங்க. ஒரு சிஸ்டர் எனக்கு வார்த்தையே எடுத்துக் குடுத்துட்டா. தூதன் வந்து உங்களை ஓட வச்சிருப்பான் பிரதர்னா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. அப்ப கணேசனுக்குத் தூதன் லீவா? வாய் வரைக்கும் வந்துது. முழுங்கிட்டு வெளிய வந்துட்டேன்.

அப்புறம் ஒரு நாள். பட்டப்பகல். பூத் வாசல்ல ஒரு லாரிக்கு டயர் வெடிக்குது. டம். நான் மேசைக்கு அடியில கெடக்கேன். எப்படிப் போனேன்னு தெரியல. நனைச்சுக்கிட்டேன். வெளிய ஜனம் நின்னு பாக்குது. கியா ஹுவா, என்னாச்சு என்னாச்சுங்குது. எனக்குத் தெரிஞ்ச ஜெபமெல்லாம் மனப்பாடம். ஒண்ணுகூட வரல. ஆண்டவரே, எங்கய்யா இருக்கீரு, நான் சாகுதேன், எனக்குப் பயமா இருக்குன்னு கத்துனேன். அதுதான் என் வாழ்க்கையில நானாப் பண்ணுன மொத ஜெபம்.

சத்தம் கேக்கல. வெளிச்சம் வரல. பயமும் போகல. ஆனா அந்த மேசைக்கு அடியில நான் ஒத்தையில இல்ல. யாரோ என்கூடக் குனிஞ்சு உக்காந்திருக்காங்க. அம்புட்டுதான் சொல்லத் தெரியுது. அழுதேன். அப்படி அழுதேன். கார்கில்ல அழாததெல்லாம் அன்னைக்கு அழுதேன். மேசைக்கு அடியில போனவன் ஒருத்தன், வெளிய வந்தவன் ஒருத்தன். மறுபொறப்புன்னு சபையில சொல்லுவாங்க. எனக்கு அது அங்கதான் நடந்துது. நனைஞ்ச பேண்ட்டோட.

பாஸ்டர்கிட்டப் போயிச் சொன்னேன். பயம் இன்னும் இருக்கு, இது விசுவாசமான்னு கேட்டேன். இல்லம்பாருன்னுதான் நெனைச்சேன். "பயந்துக்கிட்டேதான சாமு இவ்வளவு தூரம் வந்திய? இன்னும் வாங்க"ன்னாரு. முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கலாம்னு முடிவாச்சு. ஊருக்குப் போன் போட்டேன். எங்கம்மா வைய ஆரம்பிச்சிட்டா. "ஏல, கைப்புள்ளையில கோயில்ல வச்சு ஐயரு ஞானஸ்நானம் குடுத்தாரா இல்லியா? திரும்ப என்னல முழுக்கு? கூறுகெட்ட பயலே!" எனக்குச் சிரிப்பு வந்துது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

ஆனா வேற ஒண்ணை நான் யோசிக்கல. முழுக்குன்னா என்ன? தண்ணியில மல்லாக்கப் படுக்கணும்.

அதுக்கு முந்தின வாரம் வசந்தி பூத்துக்கு வந்தா. வேலூருக்குப் பேசணும்னா. பேசி முடிச்சுட்டுப் போகாம நின்னா. ஞாயித்துக்கெழமை ஏரிக்குப் போறீங்களாமே, நானும் வரலாமாண்ணான்னா. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. தண்ணியில இறங்க முந்தி சாட்சி சொல்லணும். அதான் வழக்கம். கணேசன் பொண்டாட்டியை நிக்க வச்சுக்கிட்டு, கர்த்தர் என்னைக் காப்பாத்துனாருன்னு எப்படிச் சொல்ல?

2003. ஞாயித்துக்கெழமை காலை. கடக்வாஸ்லா ஏரி. டெம்போவுல இருபது பேரு போனோம். கரையில நிக்கோம். வசந்தி கடைசியில, சபை பொம்பளைங்களை விட்டுத் தள்ளி நிக்கா. நெத்தியில பொட்டு இல்ல. என் முறை வருது.

சாட்சின்னா கண்டதைச் சொல்லுறது. கண்டதை மட்டும் சொன்னேன். "கணேசன் ஒழுங்காக் கேட்டான். செத்துட்டான். நான் தப்பாக் கேட்டேன். இருக்கேன். அவனை ஏன் விட்டாருன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா நான் பொய்யன். ஆனா நான் பயந்து கெடந்தப்ப ஆண்டவர் என் பக்கத்துல வந்தாரு. அது நெசம். அவரை நம்புதேன்." அல்லேலூயா ஒண்ணும் வரல. எல்லாரும் தரையைப் பாத்தாங்க.

கட்டைக் காலைக் கழட்டிக் கல்லு மேல வச்சேன். ரெண்டு பேரு தாங்கிப் பிடிக்க, ஒத்தக்கால்ல தண்ணிக்குள்ள போறேன். சில்லுனு இருக்கு. இடுப்பளவு. பாஸ்டர் ஒரு கையை என் முதுகுல வைக்காரு.

டம். டம். டம்.

ஏரிக்கு அந்தாண்ட பட்டாளத்து ஆளுங்களுக்குச் சுடுற டிரெயினிங் நடக்குது. தெரியும். கண்ணுக்கு முன்னால தெரியுது. இருந்தாலும் ஒடம்பு கட்டையாயிருச்சு. பாஸ்டர் சட்டையைப் பிடிச்சுத் தொங்குதேன்.

"படுங்க சாமு. கை இருக்கு."

மாட்டேன். மேல ஊய்ங்னு கேக்குது. படுத்தா விழும். படுத்தவங்க மேலதான் விழும். விடுங்கய்யா, விடுங்கன்னு கத்துதேன். கரையில பாட்டு நின்னுபோச்சு. சரி பரவால்ல, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு பாஸ்டர் காதுல சொல்லுதாரு. திரும்பப் போறோம். அவ்வளவுதான். இனிமே ஜென்மத்துக்கும் நான் படுக்கப்போறதில்ல. எனக்கு அது தெரிஞ்சுபோச்சு.

"படுங்கண்ணா!"

கரைப் பக்கத்துலேருந்து ஒரு கத்தல். வசந்தி. முழங்கால் தண்ணியில நிக்கா. சேலையெல்லாம் நனைஞ்சு கெடக்கு.

"படுங்கண்ணா! ஒண்ணும் ஆவாது! படுங்க!"

அவ சொல்லுதா. படுத்துச் செத்தவன் பொண்டாட்டி என்னையப் படுக்கச் சொல்லுதா.

கையை விட்டேன். மல்லாக்கச் சாஞ்சேன். வானம் தெரிஞ்சுது. அப்புறம் தண்ணி. காதுக்குள்ள தண்ணி. ஒரு சத்தமும் இல்ல. நாலு வருசத்துல மொத தடவையா ஒரு சத்தமும் இல்ல.

தூக்கி விட்டாங்க. மூக்குல தண்ணி ஏறி இருமுதேன். அந்தாண்ட இன்னும் சுடுதாங்க. அன்னைக்கு மத்தியானம் ரூம்ல பாயை விரிச்சுப் படுத்தேன். பயந்துக்கிட்டே படுத்தேன். ஒறங்கிட்டேன்.

வசந்தி எங்க சபைக்கு வரல. நானும் கூப்பிடல. ஜூன் மாசம் கணேசன் நெனவு நாளைக்கு அவ வீட்டுல படையல். அந்த வருசம் என்னை வரச் சொன்னா. எனக்குத் தர்மசங்கடம். படைச்ச சாப்பாட்டை எங்க சபையில தொட மாட்டாங்க. வேண்டாம்னு சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்? சாப்பிட்டா என் மனசு? வாசல்ல நின்னு முழிக்கேன். கணேசன் போட்டோவுக்கு முன்னால எலை போட்டிருக்கு. வடை, பாயசம், கறிக்கொழம்பு. அவ உள்ள போயி ஒரு தட்டைக் கொண்டாந்து என் கையில குடுத்தா.

"உங்களுது படைக்கிறதுக்கு முன்னியே எடுத்து வச்சிட்டேண்ணா. சாப்புடுங்க."

உக்காந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிச்சேன்.

இனி அந்த ஷெல்லுல போனதோட கணக்கு. கணேசன். கைக்கொழந்தையில அப்பனைப் பறிகொடுத்த பொண்ணு ஒண்ணு அவனுக்கு உண்டு. சுபேதார் சாப், பென்ஷனுக்கு ரெண்டு மாசம் இருந்துது. பீம்சிங், அவரு குடும்பம் எங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒரு லாரி. அதுல இருந்த அரிசி. என் வலது கால், முழங்காலுக்குக் கீழ.

செத்தவங்க கணக்குல நாலாவதா என் பேரு வந்திருக்கணும். வரல. ஏன்னு ஆண்டவர்கிட்டக் கேக்கேன். அவரு சொல்லல. நாளைக்கும் கேப்பேன்.