கபித்தானா விழுங்கியது

— சத்திரம் நடத்துறவ நான், எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன் வைத்தியரய்யா. பட்டாளத்துல கை கால் அறுத்துத் தைச்சவர், தலைநகர் மத்ரீத்துல பெரிய ஆளுன்னு சொல்றீங்க. ஆனா காலையிலேர்ந்து கோவேறு கழுதையோட வாலுக்குப் பின்னாடி சல்லடையும் கையுமா உக்காந்திருந்தீங்க. எனக்கென்ன வந்துச்சு, சும்மா கேட்டேன்.

— கசில்தாம்மா, நேத்தே சொன்னேன். மலை உச்சியில, பாறை இடுக்குல ஒரே ஒரு செடி, பூவும் காயுமா. எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாதது. பறிச்சுப் பையில வெச்சுட்டு, குனிஞ்சு பூட்ஸ் மாட்டுறதுக்குள்ள என் கோவேறு கழுதை, இந்தக் கபித்தானா, பையோட சேத்துத் தின்னுட்டா.

— தின்னா செடி போச்சு. சாணியைச் சலிச்சா திரும்பி வந்துருமா?

— விதை செரிக்காதும்மா, முழுசா வெளிய வரும். ஒண்ணு கிடைச்சாப் போதும், அரசர் தோட்டத்துல முளைக்க வெச்சுடுவேன். போன தடவை படகு கவுந்து செடியெல்லாம் ஆத்தோட போச்சு. 'வைத்தியர் புளோரென்சியோ கனவுல கண்ட செடி'ன்னு அரசர் தோட்டத்துக்காரனுங்க என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க. இந்தத் தடவையும் வெறுங்கையோட போனா வாசல்லயே நிறுத்திடுவானுங்க.

— எப்படி இருக்கும் அந்த விதை?

— மிளகு அளவு. கறுப்பா, பளபளன்னு, கல்லு மாதிரி.

— கல்லு! பளபளப்பு வேற! பிரான்ஸ் எல்லை கூப்பிடு தூரம். சுங்கக்காரன் கண்ணுக்குத் தப்பக் கழுதைக்கு ரத்தினம் ஊட்டிக் கடத்துறாங்களாமே.

— யார் சொன்னா?

— யாரும் சொல்லலை. எனக்கே தோணுச்சு.

— எனக்கும் ஒண்ணு தோணுதும்மா. விடியறதுக்குள்ள லாயத்தை யாரோ நக்கித் துடைச்ச மாதிரி கூட்டியிருக்காங்க.

— சுத்தமா இருந்தாலும் குத்தமா?

— கபித்தானா வயிறு பேதிக்குக் குடுத்த மாதிரி ஒட்டிப் போயிருக்கு. மூஞ்சியெல்லாம் ஆலிவ் எண்ணெய் வாசம்.

— பாவம், தாகமா இருந்துச்சு. சூப்பு ஆறுது, குடிங்க.

— நல்லாத்தான் இருக்கு. இன்னொரு கிண்ணம் ஊத்துங்க. பூண்டைத் தாண்டி ஒரு காரம், நாக்கு நுனியில எறும்பு ஊருது. நீங்க குடிக்கலையா?

— எனக்கு இன்னைக்கு விரதம். பேச்சை மாத்தாதீங்க, அந்த விதை எதுக்கு ஆகும்?

— தெரியாது. மலையில ஆடு மேய்க்கிறவன் சொன்னான், மத்த செடியெல்லாம் அவன் ஆடுங்க தின்னு தீத்துருச்சாம். தின்ன ஆடு நாள் முழுக்கக் கத்திச்சாம், வாயே மூடலையாம். மனுஷனுக்குக் குடுக்கிறதுன்னா ரொம்ப யோசிக்கணும். ஏம்மா முழிக்கிறீங்க?

— முழிக்கலையே.

— மூலையில கிண்ணத்தோட உக்காந்திருக்கிற உங்க வீட்டுக்காரரும் முழிக்கிறார்.

— எவரிஸ்தோவா? பாவம், வாதம் அடிச்சு வாய்ப் பேச்சு போய் எத்தனையோ வருஷமாச்சு.

— நேத்து அவர் வாயைத் திறந்து பாத்தேன். நாக்கு கன்னுக்குட்டி நாக்கு மாதிரி நல்லாப் பொரளுது. எனக்கென்னவோ சந்தேகம்...

— கட்டின புருஷனையே சந்தேகப்படுறீங்களா? அப்போ நீங்க கடத்தல்காரர்தான்!

— சரி, கடத்தல்காரன்னே வெச்சுக்குங்க. கல்லு கிடைச்சுதா, இல்லையா?

— கிடைச்சுது. உரல்ல போட்டு ஒரு தட்டுத் தட்டினேன், நொறுங்கிருச்சு. ரத்தினம் நொறுங்குமா? மிளகு வாசம் வேற வந்துச்சு. வீணாக்க மனசு வரலை. நல்லாக் கழுவிட்டுத்தான்...

— கழுவிட்டு?

— நீங்க ரெண்டாவது கிண்ணம் குடிக்கிறீங்க, வைத்தியரய்யா.

— அடிப்பாவி! எல்லாத்தையுமா? ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?

— மாதா மேல ஆணை, ஒண்ணுகூட இல்ல. உங்களுக்குப் பாதி, எங்க வீட்டுக்காரருக்குப் பாதி.

— அப்போ நான் இங்கயே தங்கிட வேண்டியதுதான். மத்ரீத்துல எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?

— பொய் சொல்றா வைத்தியரே. ஒண்ணாவது நிஜக் கல்லா இருக்கும்னு என் பொண்டாட்டி ஒரு விதையை மூக்குப்பொடி டப்பியில ஒளிச்சு வெச்சிருக்கா.