நாற்பத்தொன்று

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தோட்டத்துப் பெண்கள். இளையவள் மடியில் நடைபாதையில் வாங்கிய பழைய சிவப்பு பனியன், முதுகில் பதினேழு.

"அமெரிக்காவுல பாஸ்கட்போல் வெளையாண்டவரு நம்பராம், அக்கா. இருவது வருசம் வெளையாண்டு, முட்டி தேஞ்சு நின்னுட்டாராம். இனி அந்த நம்பர யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம்."

"ஏன், செத்துட்டாரா?"

"இல்லக்கா, நல்லா இருக்காரு. மரியாதைக்காம்."

மூத்தவள் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு தோட்டத்து செக்ரோல் பதிவுல நம்பர் நாப்பத்தொண்ணு. குளவி கொட்டிச் செத்தாரு. கருமாதி முடிஞ்ச மறுநாளு, வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுல கணக்கப்புள்ள நாப்பத்தொண்ணுன்னு கூப்புட்டாரு. 'அவரு இல்லைங்க'ன்னு சொல்லிட்டேன். பின்னாலருந்து 'இருக்கேங்க'ன்னு சத்தம். அன்னைக்குத்தான் புதுசாப் பதிஞ்ச எம் மக."