கல்யாணத்தில் முடிந்த படம்

"நாலு பேரும் கடைசியில தாலிதான் கட்டுறானுக. இதுக்கா இவ்வளவு நேரம் உக்காந்து பாத்தோம்?"

"கல்யாணம்னா என்னலே, தூக்குத் தண்டனையா? எனக்குப் படம் பிடிச்சிருக்கு. நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவ செருப்பத் தூக்கிக்கிட்டு..."

"முழுசாக் கேளுலே. நான் சொல்ல வந்தது..."

"...கடை கடையா அலைஞ்சானே, அதுவும் பிடிச்சிருந்துச்சோ?"

ஐயா, குறை சொன்னவன் நான். படம் உண்மையிலேயே நன்றாக இல்லை. அதிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். தாண்டிக்குடி எஸ்டேட்டில் காப்பி மூட்டை ஏற்றப் போயிருந்தோம். மழை விடவில்லை. ஜீப்புக்குள் உட்கார்ந்து குமாரவேலின் செல்லில் இருவரும் பார்த்தோம். இந்திப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். தேடி எடுத்தது நான்தான். டெல்லியில் ஒரே வீட்டில் குடியிருக்கும் கல்யாணமாகாத நாலு பயல்கள், அவர்களை ஆட்டி வைக்கும் நாலு பெண்கள். ஒருத்தி தன் ஆளின் செல்லை நோண்டிக்கொண்டே இருக்கிறாள். இன்னொருத்தி சொல்கிற சட்டையைத்தான் அவன் போட வேண்டும். குமாரவேலுக்குத் தை மாதம் கல்யாணம், பேத்துப்பாறைக் கலைமணியோடு. இதைப் பார்த்தாலாவது புத்தி வரும் என்று நினைத்தேன். பாதி வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் கெடுத்துவிட்டார்கள்.

அவன் வண்டி ஓட்டுபவன், நான் கல் போடுபவன். எங்கள் சரிவில் பாரம் ஏறிய ஜீப்பை ஹேண்ட்பிரேக் நிறுத்தாது. வண்டி நின்றதும் ஒருவன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கல் கொடுக்க வேண்டும். மீசை முளைத்த வயதில் சேர்ந்தோம், இப்போது இருவருக்கும் நரைக்கிறது. பண்ணைக்காட்டில் ஒரே அறை. சமையல் நான். அவனுக்கு நீலம் எடுப்பாக இருக்கும் என்பதால் நீலச் சட்டைதான் வாங்கிக் கொடுப்பேன். செல்லில் என்ன வந்தாலும் நான் பார்த்த பிறகுதான் அவன் கைக்குப் போகும். கண்டவர்களும் பேசி அவனைக் குழப்பக்கூடாது அல்லவா.

முன்பு ஒருமுறை அவனுக்குப் புவனா என்ற பெண்ணைப் பேசினார்கள். தேதி குறிக்க வந்த அவளுடைய அண்ணன் ஜீப் கதவோரம் கை வைத்து நின்றார். நான் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் அழுத்திச் சாத்த வேண்டியிருந்தது. விரல் ஒட்டாமல் போனதற்கு வைத்தியம் பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் ரத்தம் பார்த்தாகிவிட்டது என்று அவர்களே விலகிக்கொண்டார்கள். நான் யாரையும் விலகச் சொல்லவில்லை.

மூட்டை ஏற்றிக் கீழே இறங்கும்போதும் பேச்சு படத்தை விட்டு நகரவில்லை.

"அந்தப் பொம்பளைகளப் பாத்து நீ எதுக்குப் பொங்குற? அவளுக நாலு பேரும் செய்யறத நீ ஒருத்தனே எனக்குச் செய்யறியே."

"உனக்கு ஆக்கிப் போடுறேன்லே நான்."

"யாரு கேட்டா? புவனா அண்ணன் கை தானா மாட்டலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். வாயத் தொறக்காம இருந்தேன், அது என் தப்பு. தைக்கப்புறம் கலைமணி தம்பி வண்டிக்கு வர்றான். நீ வேற சோலி பாத்துக்க, பாண்டி."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பசிக்கிறது என்பதுபோலச் சொன்னான்.

அடுத்த வளைவில் வண்டிக்கு அடியில் ஏதோ தட்டியது. ஓரம் கட்டினான். நான் வழக்கம்போலக் குதித்தேன்.

"கல்லு போட்டியாலே?"

"போட்டாச்சு. படு."

கல் என் கையில் இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, என்றைக்குமே பார்த்ததில்லை. பின் சக்கரத்துப் பக்கம் காலை நீட்டிப் படுத்து, அடியில் கைவிட்டுத் துழாவினான். நான் உள்ளே எட்டி, வண்டியைப் பிடித்து வைத்திருந்த கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டேன். ஜீப் மெதுவாகத்தான் நகர்ந்தது. சக்கரம் அவன் இடுப்பில் ஏறியபோது முன்புறம் மண்திட்டில் முட்டி, அங்கேயே நின்றுவிட்டது. கல் நழுவிவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உயிர் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் வந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்துவிட்டேன்.

"பாண்டி... வண்டிய நவுத்து, பாண்டி..."

"கலைமணி வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. வெரசா நவுத்திருறேன்."

"வேணாம்... அவ வேணாம். நவுத்துலே..."

சொன்னான். ஆனால் பயத்தில் வருகிற வார்த்தையை எப்படி நம்புவது? படத்திலும் வேண்டாம் வேண்டாம் என்றவன்தானே முதலில் மாலையோடு போய் நின்றான். கல்லை அவன் முகத்தில் போட்டேன். முதல் போடு சரியாக விழவில்லை, ஒரு கண் மட்டும் போயிற்று. அதற்குப் பிறகும் என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அது நிற்கும் வரைக்கும் போட வேண்டியிருந்தது. தாடை உடைந்ததும் நின்றது.

அவன் சட்டைப் பையில் செல் அடித்தது. கலைமணி. அசந்து தூங்குகிறான், எழுந்ததும் பேசச் சொல்கிறேன் என்றேன். சரிங்கண்ணே என்று வைத்துவிட்டாள்.

நான்தான் கொன்றேன். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பொறாமையில் செய்ததாக நீங்கள் வாசித்துக் காட்டினீர்களே, அந்த வரி மட்டும் தப்பு. எதிரில் எழுதிக்கொண்டிருந்த உங்கள் ஏட்டையாவிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"கடேசியா அவன் கூப்புட்டது என் பேரத்தாங்கய்யா, அவ பேர இல்ல. அத எழுதிட்டீங்களா?"