துரு இல்லாத வண்டி

டீ வேண்டாம் ஐயா. உங்கள் விசாரணைக்கு நின்றுகொண்டே பதில் சொல்கிறேனே. கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

நாமக்கல் பக்கம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ராணுவ லாரிகள் வரும். எங்கே துரு, என்ன செய்தோம் என்று மெக்கானிக்குகள் பதிவு எழுதுவார்கள். அந்தப் பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. வண்டியைப் பார்ப்பது என் வேலை இல்லை.

கலைமணி நல்ல மெக்கானிக். எழுதத்தான் வராது. ஒரு லாரிக்கு, 'பிரேக் பைப்பில் துரு மாதிரி இருக்கிறது, சந்தேகம்' என்று எழுதியிருந்தார். பதிவில் சந்தேகம் என்று இருந்தால் அது முடிந்த பதிவு ஆகாது என்று திருப்பி அனுப்பினேன். மறுபடியும் அதையே எழுதிக்கொண்டு நேரில் வந்தார்.

"சார், நீங்களே ஒருக்கா வந்து தொட்டுப் பாருங்க. புதுப் பைப்பு வர்ற வரைக்கும் வண்டி நிக்கட்டுமுங்க."

போய்த் தொட்டேன். விரலில் செதில் செதிலாக உதிர்ந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் தணிக்கை. முடிக்காத பதிவு ஒன்று இருந்தாலும் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் தரம் இறங்கிவிடும்.

"துரு இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பைப் வந்ததும் மாத்திக்கலாம்" என்றேன். அவருடைய வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிவதையும் ஞாபகப்படுத்தினேன். மிரட்டவில்லை, ஞாபகப்படுத்தினேன். எழுதிக் கொடுத்தார்.

அப்படி எழுதிய வண்டியை, எழுதிய மெக்கானிக்கே மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. சாவியை நான்தான் நீட்டினேன்.

"மலைக்கு வேண்டாமுங்க சார். கீழ ரோட்டுலயே ஓட்டிக் காட்டறனுங்க."

"மலையில ஓட்டலைன்னா பதிவு முழுமையாகாதுங்க."

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே கொண்டப்பநாயக்கன்பட்டிக் கடைகள், ஜனங்கள். அவர் வண்டியைப் பாறைமேல் திருப்பியிருக்கிறார். கடைப்பக்கம் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவரைத்தான் வண்டியை வெட்டிப் பிணமாக எடுக்க வேண்டியிருந்தது.

அவர் மனைவி ரஞ்சனி என்னைத் தேடி வந்தார்.

"பயந்துக்கிட்டேதான் போனாருங்க. வண்டியில கோளாறுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"அவரே துரு இல்லைன்னு எழுதியிருக்காரும்மா" என்று கையெழுத்தைக் காட்டினேன். அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்துதான் இப்படி நடந்துகொண்டே இருக்கிறேன்.

நீங்கள் கேட்டதும் அதேதான். தெரியும் ஐயா. பைப் உடையும் என்று தெரிந்துதான் சாவியைக் கொடுத்தேன்.

ஆனால் கலைமணி எழுதியதிலேயே நல்ல பதிவு அதுதான். அடித்தல் இல்லை, சந்தேகம் இல்லை. முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அதை ரஞ்சனியிடம் யாராவது சொன்னால் அந்தம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும்.