டாலியின் மணல்

வீட்டில் உடும்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அழகை அல்ல, நீளத்தை. எங்கள் போர்ட் அகஸ்டாவில் பலரும் கையளவுக் குட்டியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, அது ஆளுயரம் வளர்ந்ததும் முழிக்கிறார்கள். நான் அப்படி ஏமாறவில்லை. குட்டையான மரவுடும்பு ஒன்று இருக்கிறது, ஆனால் எந்நேரமும் பட்டைக்குள் பதுங்கிக்கொள்ளும். முள்வால் உடும்பு முழங்கை நீளம்தான். கூச்சமே கிடையாது, கையிலிருந்து வெட்டுக்கிளி வாங்கித் தின்னும். அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். டாலி என்று பெயர் வைத்தேன்.

"பூனை வளர்த்தா ஊர் சிரிக்குமா, லோரெய்ன்?" என்றான் என் கணவன் மெர்வின்.

"பூனைக்கும் உனக்கும் ஒத்துக்காதே. தும்மியே செத்துருவே," என்றேன். அவனுக்கு ஆஸ்துமா.

டாலியின் வயிற்றில் முட்டைகள் உருவாகின; ஆண் துணை இல்லாமலும் அது நடக்கும். முட்டையிட அவளுக்கு ஆழமான, ஈரமான, வெதுவெதுப்பான மணல் வேண்டும். இல்லாவிட்டால் முட்டைகளை அடக்கிக்கொண்டே செத்துப்போவாள். அடிலெய்டில் தங்கை வீட்டுக்குப் புறப்படும்போது, "மணல்ல மட்டும் கை வைக்காதே" என்று மெர்வினிடம் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினான்.

திரும்பி வந்தபோது டாலியின் கண்ணாடித் தொட்டி பளபளவென்று இருந்தது. மணலைக் காணோம். செய்தித்தாள் விரித்திருந்தான். டாலி அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

"மணலை வீடு பூரா வாரி எறிஞ்சிருந்தா. நாந்தான் சுத்தம் பண்ணேன்," என்றான் பெருமையாக.

மணலை மறுபடி கொட்டினேன். பயனில்லை, டாலி செத்துப்போனாள். மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது முட்டைகள் எல்லாம் உள்ளேயே இருந்தன. நான் அழுதேன். அன்று மாலை மெர்வின் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு ஷெரிலிடம், "எங்க வீட்ல பல்லிக்குப் பிரசவம் பார்க்கலேன்னு சண்டை" என்று சொல்லிச் சிரித்தான். ஷெரிலும் சிரித்தாள். என்னிடம் அவன் சொன்னது, "விடு, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

எனவே நானும் சுத்தம் செய்தேன். மேசை இழுப்பறை, சமையலறை, கார் என்று மூன்று இடங்களில் அவனுடைய இன்ஹேலர்கள் இறைந்து கிடந்தன. எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொட்டகையின் மேல்தட்டில் வைத்தேன். வசந்தகாலம், மகரந்தம் பறக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை அவன் புல் வெட்டினான்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"இன்ஹேலர் எங்க?"

"சுத்தம் பண்ணேன்."

"லோரெய்ன், விளையாடாதே. எங்க வச்சே?"

நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் இழுப்பறைகளைப் பிடுங்கிப் போட்டுக் கிளறினான். பிறகு தரையில் உட்கார்ந்து அலமாரியின் அடியில் துழாவினான். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு உயிருக்கு என்ன தேவை என்று இரண்டு முறை சொல்லியும் ஒருவனுக்கு உறைக்கவில்லை என்றால், மூன்றாம் முறை வேறு எப்படித்தான் சொல்வது?

என்னை ஈவிரக்கமற்றவள் என்கிறீர்கள், அதிகாரி. ஆம்புலன்ஸை அழைத்தது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் துழாவுவதை நிறுத்தியதும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.